சக்கரமும் சாலையும்: மன்னாரில் ரயர் மாற்றுதலின் வரலாறு

மன்னார் மாவட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மாதோட்டத் துறைமுகத்திலிருந்தே தொடங்குவர். திருக்கேதீச்சரம், முத்துக்குளிப்பு, போர்த்துக்கேயர் கோட்டை, ஒல்லாந்தர் ஆட்சி, 1914ஆம் ஆண்டின் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை என அவ்வரலாறு நீண்டு, அண்மைக்காலப் போரில் வந்து நின்றுவிடும். இவை யாவும் எழுதப்படவேண்டியவையே. ஆயினும், பேசாலையிலிருந்து மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட ஒருவர் விடியுமுன் மன்னார் நகரை எவ்வாறு வந்தடைந்தார், அவரது வண்டியின் சக்கரம் தேய்ந்தபோது எங்கே சென்றார், எவரை நம்பி அதனை ஒப்படைத்தார் என்ற வினாக்களை எழுப்புவோர் அரியர். இக்கட்டுரை மோட்டார் சைக்கிளின் ரயரைப் பற்றியது. இத்தலைப்பைக் கேட்ட நண்பர் சிலர் நகைத்தனர். பண்டைய குடியிருப்பொன்றின் உடைந்த மட்பாண்ட ஓட்டைக் கையிலெடுத்து அம்மக்களின் வாணிகத்தை நிறுவுதல் ஆய்வாகுமெனில், தேய்ந்த ரயரைக் கொண்டு நம் காலத்து மக்களின் வாழ்வை நோக்குவதும் ஆய்வே ஆகும்.

மன்னாரில் ஒரு ரயர் எப்பொழுது மாற்றப்பட்டது, எங்கே மாற்றப்பட்டது என்பவற்றை வண்டிச் சொந்தக்காரரின் விருப்பத்தைக் காட்டிலும், தீவுக்கு வரும் வழி எவர் கையில் இருந்தது என்பதே நெடுங்காலம் தீர்மானித்து வந்துள்ளது. இன்று நாம் சாதாரணமாகக் கேட்கும் ‘எந்தக் கடையில் சேர்விஸ் செய்விப்பது?’ என்ற கேள்வி, ஒரு தலைமுறைக்கு முன் அம்மாவட்டத்தின் பெரும்பகுதியில் கேட்கப்பட இயலாத கேள்வியாகும்.

முதலில் நிலத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். மன்னார் இலங்கையின் வறண்ட பகுதிகளுள் ஒன்று. ஆண்டு மழைவீழ்ச்சி 1,000 மில்லிமீற்றர் அளவினதே. அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வந்து முடிந்துவிடும். ரயரின் மேற்பரப்பில் வெட்டப்பட்டிருக்கும் சால்கள், சக்கரத்துக்கும் வீதிக்கும் இடையில் அகப்படும் நீரை வெளியேற்றுவதற்காக அமைக்கப்பட்டவை. உலர்ந்த தார் வீதியில் சால் தேய்ந்த ரயரும் நன்றாகவே பற்றிக்கொள்ளும். ஆகவே மன்னாரில் ஆண்டின் ஒன்பது மாதங்களுக்கு வழுக்கையான ரயரோடு ஓடுவோருக்கு வீதி எவ்வித எச்சரிக்கையும் செய்வதில்லை. வாடைக்காற்றோடு முதல் மழை விழும் நாளில், வீதியில் படிந்திருந்த தூசும் எண்ணெயும் நீரோடு குழையும்போதுதான் அந்த ரயரின் உண்மை நிலை வெளிப்படும். மழைநாட்டில் வாழ்பவர் ரயரின் தேய்வை நாள்தோறும் உணர்வர். வறள்நாட்டில் வாழ்பவர் அதனை ஒரே நாளில், பெரும்பாலும் காலங்கடந்தே, உணர்வர்.

இதனோடு வேறு மூன்று இயல்புகளும் சேர்கின்றன. மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் வரை செல்லும் வீதி மேடுபள்ளமின்றி நேராகச் செல்வது. திருப்பங்கள் குறைந்த வீதியில் பின் ரயரின் நடுப்பகுதியே தேய்ந்து தட்டையாகும். இரு ஓரங்களிலும் சால்கள் புதிதுபோல் இருக்கும். பக்கத்திலிருந்து பார்ப்பவர் ரயர் நன்றாயிருக்கிறதென்றே மயங்குவர். இவ்வாறு தட்டையான ரயர் நேரே ஓடும்வரை தொல்லை தராது. வண்டியைச் சரித்துத் திருப்பும்போது, தட்டையான நடுப்பகுதியிலிருந்து உருண்ட ஓரத்துக்கு அது சடுதியாக மாறுவதால் வண்டி தளம்பும். அடுத்தது சோளகக் காற்று. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வீசும் இக்காற்று மணலை வாரிக் கொணர்ந்து தார் வீதியின்மேல் பரப்பும். தள்ளாடியிலிருந்து தீவுக்குச் செல்லும் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளமான தாம்போதியில் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். 2020ஆம் ஆண்டின் இறுதியில் தீவின் தென்கரையில் திறக்கப்பட்ட ‘தம்பபவனி’ காற்றாலைகளே அக்காற்றின் வலிமைக்குச் சான்று. மூன்றாவது உடைமுள். தீவெங்கும் குடைபோல் விரிந்து நிற்கும் உடைமரத்தின் முள், தடித்த ரயரில் ஏறாமல் முறியும். தேய்ந்த ரயரிலோ நேரே ரியூப்பைச் சென்று தைக்கும். ரியூப்பில் ஒட்டு அடிக்கடி விழத் தொடங்கிவிட்டால் ரயரின் காலம் முடிந்ததென்பதை அங்குள்ளோர் எவரும் சொல்லாமலே அறிவர். இரவில் வீதியின் நடுவே படுத்துறங்கும் மன்னார்க் கழுதைகளைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். சடுதியாகத் தடை பிடிக்க நேரும்போது ரயரில் எஞ்சியிருக்கும் இறப்பரின் அளவே இரு உயிர்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை நிர்ணயிக்கிறது என்பதை மாத்திரம் கூறி அமைவோம்.

வெயிலும் கடற்காற்றும் இறப்பருக்குப் பகையானவை. வளிமண்டலத்து ஓசோன் வாயு இறப்பரின் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். இதனைத் தடுப்பதற்கென இறப்பரோடு கலக்கப்படும் மெழுகு, சக்கரம் ஓடி வளைந்து நிமிரும்போதே மேலே கசிந்து பாதுகாக்கும். நிறுத்தி வைக்கப்பட்ட வண்டியில் அப்பாதுகாப்புக் குன்றிவிடும். எனவே ஓடாத வண்டியின் ரயரும் முதுமையடைகிறது. போர்க்காலத்தில் கைவிடப்பட்ட வண்டிகளைப் பற்றிப் பேசுமிடத்து இவ்வுண்மை நமக்குப் பயன்படும்.

இனி இறப்பரின் வரலாற்றிற்கு வருவோம். 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறையைக் கண்டார். காற்றடைத்த ரயருக்கு 1845இல் றொபேட் தொம்சன் காப்புரிமை பெற்றாரெனினும், 1888இல் பெல்பாஸ்ற் நகரில் ஜோன் டன்லப் தம் மகனின் முச்சக்கர வண்டிக்குச் செய்த ரயரே உலகெங்கும் பரவியது. இதற்கிடையில் 1876ஆம் ஆண்டு பிறேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொணர்ந்த வித்துக்கள் இலண்டன் கியூ பூங்காவில் முளைப்பிக்கப்பட்டு, அவற்றின் கன்றுகளுள் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் மேற்பார்வையில் ஹெனரத்கொடையில் அவை நடப்பட்டன. பின்னர் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி ஆகிய மழைமிகு மாவட்டங்களில் இறப்பர்த் தோட்டங்கள் எழுந்தன.

மழை காணாத மன்னாருக்கும் இத்தோட்டங்களுக்கும் யாது தொடர்பு என வினவலாம். தொடர்பு மரத்தில் இல்லை. மரத்தை வெட்டிப் பால் எடுத்த கைகளில் உள்ளது. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிக் கால்நடையாகவே மலைநாடு நோக்கிச் சென்றனர். அவ்வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டோர் பலர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பற் சேவையும் புகையிரதப் பாதையும் தொடங்கியபின், மண்டபம் முகாமில் தடுத்துவைத்துப் பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர் இத்தீவின் வழியாகவே தோட்டங்களை அடைந்தனர். அவர்கள் எடுத்த பால் கொழும்புத் துறைமுகம் வழியாகக் கடல் கடந்து, பிறநாட்டுத் தொழிற்சாலைகளில் ரயராகி, மீண்டும் கொழும்பு வழியாகவே இந்நாட்டுக்கு வந்தது. மனிதர் வந்த வழி மன்னார். அவர்களது உழைப்பின் பயன் திரும்பிய வழி வேறு. குடியேற்ற நாட்டுப் பொருளாதாரத்தின் அமைப்பை இதனினும் தெளிவாகக் காட்டும் பண்டம் பிறிதொன்று உளதோ என ஐயுறவேண்டியுள்ளது.

இரண்டாம் உலகப் போரில், 1942இல் மலாயாவும் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் வசமானபோது, நேசநாடுகளுக்கு இயற்கை இறப்பரை வழங்கும் முதன்மை நாடாக இலங்கை ஆயிற்று. மரங்கள் அளவுக்கு மீறி வெட்டப்பட்டன. 1952இல் சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்யப்பட்டது. இறப்பரை விற்று ரயரை வாங்கும் நிலையை மாற்றும் முயற்சியாக, 1960களில் சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு களனியில் அரசாங்க ரயர்க் கூட்டுத்தாபனம் தொழிற்சாலையை நிறுவியது. இது குறிப்பிடத்தக்க சாதனையே. எனினும் 1970 முதல் 1977 வரையான காலத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிகள் இறுக்கப்பட்டபோது, வாகனங்களும் உதிரிப்பாகங்களும் கிடைத்தற்கரியனவாயின. பழையதைச் செப்பனிட்டு ஓட்டுதல் என்பது நாடு முழுவதற்கும் பொதுவான வழக்காகியது. அக்காலத்தில் மன்னாரின் பெரும்பாலான மக்கள் துவிச்சக்கர வண்டியையும், 1958இல் தேசியமயமாக்கப்பட்ட பேருந்துச் சேவையையும், புகையிரதத்தையுமே நம்பியிருந்தனர். மோட்டார் சைக்கிள் உத்தியோகத்தருக்கும் வணிகருக்கும் உரிய பொருளாயிருந்தது.

1977க்குப் பின் இறக்குமதி தளர்த்தப்பட்டபோது யப்பானிய மோட்டார் சைக்கிள்கள் பெருகின. அவற்றுள் வடபுலத்தில் மிகுந்த பெயர்பெற்றது, யப்பானியத் தபால் சேவைக்கெனச் செய்யப்பட்டுப் பயன்படுத்திய நிலையில் இந்நாட்டுக்கு வந்த ஹொண்டா எம்.டி.90 ஆகும். கடிதப்பொதி சுமப்பதற்கென அமைந்த அவ்வண்டி மீன்பெட்டி சுமப்பதற்கும் பொருத்தமாயிற்று. எளிய இயந்திரம், சங்கிலியை முற்றாக மூடிய உறை. உப்புக்காற்று வீசும் தீவில் அவ்வுறையின் அருமையை வேறு வண்டி வைத்திருந்தோரே நன்குணர்வர். சங்கிலியும் கம்பிகளும் துருவேறி அறும் ஊரில், ‘எது விரைவாக ஓடும்?’ என்று எவரும் கேட்பதில்லை. ‘எது திறந்து பூட்ட இலகுவானது?’ என்றே கேட்பர்.

1984இல் இராமேஸ்வரம்–தலைமன்னார்க் கப்பற் சேவை நின்றது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது புகையிரதச் சேவை நின்றது; தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வள்ளங்களில் ஏறி இந்தியாவுக்கு அகதிகளாயினர். மடுத் தேவாலயச் சூழலிலும் பேசாலையிலும் பெருந்தொகையினர் தஞ்சமடைந்தனர். அவ்வாண்டு ஒக்ரோபர் மாதத்தில், வடமாகாணத்தின் ஏனைய பகுதி முஸ்லிம்களைப் போலவே, எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, முசலி ஆகிய இடங்களின் முஸ்லிம் மக்களும் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தீவிலிருந்தோர் பலர் கடல்வழியாகக் கற்பிட்டியை அடைந்தனர். தம் வீடுகளையும் கடைகளையும் வண்டிகளையும் விட்டே அவர்கள் சென்றனர். வணிகத்திலும் போக்குவரத்திலும் பெரும்பங்கு கொண்டிருந்த ஒரு சமூகம் சில நாட்களில் இல்லாமற்போயிற்று. தமிழர் இவ்விடயத்தைப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வது வழக்கம். அங்காடியின் வரலாற்றையோ போக்குவரத்தின் வரலாற்றையோ எழுதுபவர் அவ்வாறு செய்வாராயின் அவர் எழுதும் வரலாற்றில் பாதி மறைந்துபோகும்.

அதன்பின் மன்னார் மாவட்டம் இரு வேறு பொருளாதாரங்களாகப் பிளவுற்றது. தீவும் நகரும் அரசாங்கக் கட்டுப்பாட்டிலும், மாந்தை மேற்கு முதலான பெருநிலப் பகுதிகள் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. உயிலங்குளத்துச் சோதனைச் சாவடி அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வாயிலாயிற்று. அவ்வாயிலுக்கு அப்பால் எரிபொருள், மின்கலம், உதிரிப்பாகம் முதலிய பல பொருட்களைக் கொண்டுசெல்ல அரசாங்கம் தடைவிதித்திருந்தது. ஆகவே ஒரே மாவட்டத்தில், சில மணி நேரத்தில் துவிச்சக்கர வண்டியில் கடக்கக்கூடிய தூரத்துக்குள், ஒரு பக்கத்தில் ரயர் கடையில் தொங்கும் பண்டமாகவும், மறுபக்கத்தில் கிடைத்தற்கரிய பொருளாகவும் இருந்தது. ரயரின் விலை அதன் உற்பத்திச் செலவைப் பொறுத்ததன்று. சாவடியின் எப்பக்கத்தில் அது இருந்தது என்பதைப் பொறுத்ததாயிற்று.

தடைக்குட்பட்ட பகுதியில் மோட்டார் சைக்கிள் பெற்றோலை விட்டு மண்ணெண்ணெய்க்கு மாறிய செய்தி யாவரும் அறிந்ததே. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாவதில்லையாதலால், சிறிதளவு பெற்றோலை ஊட்டி இயந்திரத்தை இயக்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். புகை கக்கிச் சென்ற அவ்வண்டிகளின் பிளக்குகளில் கரி படிந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தது. ஆகவே, முன்பு மாதங்களுக்கு ஒருமுறை செய்த சேர்விசை வாரந்தோறும், சிலவேளை நாள்தோறும் செய்யவேண்டியதாயிற்று. அதனைச் செய்தவர் பெரும்பாலும் வண்டிக்காரரே. பிளக்கைக் கழற்றித் துடைத்தல், கார்பரேற்றரைத் திறந்து ஊதுதல் என்பன பாடசாலை மாணவருக்கும் கைவந்த கலையாயின. வேறு நாடுகளிலும் நெருக்கடி இத்தகைய அறிவைத் தோற்றுவித்துள்ளது. இரண்டாம் உலகப் போரில் பெற்றோல் அரிதானபோது மதுரையில் ரி.வி.எஸ். நிறுவனத்தார் கரியிலிருந்து பெறும் வாயுவில் பேருந்துகளை ஓட்டியதும், தேய்ந்த ரயருக்கு மீள் இறப்பரிடும் தொழிலைத் தொடங்கியதும் நினைவுகூரத்தக்கன. வேறுபாடு யாதெனில், மதுரையில் அவ்வறிவு நிறுவனமாக வளர்ந்தது. மாந்தையில் அது ஒவ்வொரு குடும்பத்தின் தாழ்வாரத்திலும் தங்கிப் போர் முடிந்ததும் பெயரின்றி மறைந்தது.

எரிபொருளுக்கு மாற்று இருந்தது. ரயருக்கு மாற்று இருக்கவில்லை. ரயரின் உட்புறத்தில் பருத்தி அல்லது நைலோன் நூல்களாலான அடுக்குகள் உள்ளன. சுமையைத் தாங்குவது அவ்வடுக்கே. இறப்பர் அதற்குப் போர்வை போன்றது. மேலுள்ள இறப்பர் தேய்ந்து நூல் தெரியத் தொடங்கினால் சாதாரண காலத்தில் ரயரை எறிந்துவிடுவர். தடைக்காலத்தில் அங்கிருந்துதான் அதன் இரண்டாம் வாழ்வு தொடங்கியது. பழைய ரயரிலிருந்து வெட்டிய துண்டை உள்ளே வைத்து ரியூப்பைக் காத்தனர்; கிழிந்த பக்கத்தை நைலோன் நூலால் தைத்தனர்; ஓரக்கம்பி நீக்கிய ரயரொன்றை மற்றொன்றின்மேல் போர்த்தினர். ரியூப்பில் ஒட்டுமேல் ஒட்டு விழுந்தது. இவை பாதுகாப்பானவையல்ல என்பதை அவர்கள் அறியாதவரல்லர். மணற்பாதையில் புதையாதிருக்கக் காற்றைக் குறைத்து ஓட்டுவதும், பின்னர் அதே குறைந்த காற்றோடு தார் வீதியில் ஏறுவதும் ரயரின் பக்கச்சுவரை மடித்துச் சூடாக்கி உள்நூலை அறுக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் வேறு வழியில்லாதபோது அறிவு எச்சரிக்கையாக இருப்பதில்லை. எவ்வளவு தூரம் துணியலாம் என்று கணக்கிடும் கருவியாக மாறுகிறது. நம்மவருள் சிலர் அக்காலத்தைத் தன்னிறைவின் பொற்காலமாகச் சித்திரிப்பதுண்டு. நோயாளியை ஏற்றிச் சென்ற வண்டியின் தைத்த ரயர் நடுவழியில் பிளந்தவர்களிடம் அச்சித்திரத்தைக் காட்ட இயலாது.

2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் தடைகள் பெரிதும் தளர்ந்தன. பொருள்கள் சென்றன, மறுபுறத்தில் அவற்றின்மீது விடுதலைப் புலிகளின் தீர்வையும் விதிக்கப்பட்டது. இந்திய மோட்டார் சைக்கிள்கள் வந்தது அக்காலத்தில்தான். ஆனால் அது சில ஆண்டுகளே நிலைத்தது. 2008இல் மாவட்டத்தின் பெருநிலப் பகுதி மீண்டும் போர்க்களமாயிற்று. மக்கள் வண்டிகளோடு கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். முள்ளிவாய்க்கால் வரை சென்ற அவ்வண்டிகள் மிகப் பெரும்பாலும் திரும்பி வரவில்லை. திரும்பிய சிலவற்றில் சால் குறையாத ரயர்கூடப் பக்கமெங்கும் வெடித்திருந்தது. ஓடாத ரயரின் முதுமை பற்றி மேலே கூறியதை ஈண்டு நினைவுகொள்க.

2010 மார்ச்சில் யப்பானிய உதவியோடு கட்டப்பட்ட புதிய பாலமும் தாம்போதியும் திறக்கப்பட்டன. 2011 சனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட, மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் செல்லும் வழி இலகுவாயிற்று. 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை புகையிரதம் மீண்டும் ஓடியது. வழி திறந்ததும் கம்பனிகள் வந்தன. அவற்றின் முன்னும் பின்னும் லீசிங் நிறுவனங்கள் வந்தன. பஜாஜ், ஹீரோ, ரி.வி.எஸ். முதலிய வண்டிகள் தவணைப் பணத்தில் வீடு தேடி வந்தன. மன்னார் வரலாற்றில் முதன்முறையாகச் சாதாரண மீனவக் குடும்பமும் விவசாயக் குடும்பமும் புதிய மோட்டார் சைக்கிளுக்கு உரிமையாளராயின. உரிமை என்னும் சொல்லைச் சிறிது தயக்கத்தோடே பயன்படுத்தவேண்டும். தவணை முடியும்வரை முழு உரிமை நிறுவனத்துக்கே உரியது.

இக்கட்டத்தில்தான் எங்கே சேர்விஸ் செய்விப்பது என்ற தெரிவு பிறக்கிறது. புதிய வண்டிக்கு உத்தரவாதம் உண்டு. அவ்வுத்தரவாதம் நிலைக்கவேண்டுமாயின் குறித்த காலங்களில் கம்பனியின் அங்கீகாரம் பெற்ற நிலையத்திலேயே சேர்விஸ் செய்வித்துப் புத்தகத்தில் முத்திரை பெறவேண்டும். முதற் சில சேர்விஸ்களுக்குக் கூலி இல்லை. எண்ணெய்க்கும் பாகங்களுக்கும் பணம் உண்டு. மறுபுறத்தில் ஊர்ச் சந்தியில் மரநிழலில் இருக்கும் கராஜ். அங்கே முத்திரையும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. கடன் உண்டு, தெரிந்த முகம் உண்டு. உத்தரவாதக் காலம் முடிந்த மறுநாளே பலர் கராஜுக்குத் திரும்புவதைச் சிலர் அறியாமை என்பர். கட்டுரையாளர் அவ்வாறு கருதவில்லை. வள்ளம் கரைக்கு வந்த நாளில் பணம் வரும். வராத நாளில் வராது. அத்தகைய வருமானத்துக்கு இசைந்த கடன்முறை கம்பனியிடம் இல்லை. கராஜ்க்காரரின் கொப்பியில் உண்டு.

ஆயினும் கராஜின் பக்கமே முழு நியாயமும் உண்டெனக் கொள்வதும் தவறாகும். பற்றாக்குறைக் காலத்தில் பயின்ற கை, ‘இன்னும் ஓடும்’ என்று சொல்லப் பழகிய கை. எனது குடும்பத்தின் வண்டிக்கு ஒருமுறை புதிய ரயர் பூட்டியபோது பழைய ரியூப்பையே மீண்டும் இட்டனர். நீண்டு தளர்ந்திருந்த அது உள்ளே மடிந்து ஒரு வாரத்தில் அறுந்தது. கேட்டபோது, ரியூப் நன்றாகத்தானே இருந்தது என்ற விடையே கிடைத்தது. அவர் ஏமாற்றவில்லை. ஐந்து ஒட்டுப் போட்ட ரியூப்பும் பொன்போல் மதிக்கப்பட்ட காலத்தின் அளவுகோலை அவர் இன்னமும் கையில் வைத்திருந்தார். மற்றொரு முறை நகரிலுள்ள ஒரு நிலையத்தில், தேய்வதற்கு இன்னும் பாதியிருந்த ரயரை மாற்றியே ஆகவேண்டுமென வற்புறுத்தினர். ஒன்று இல்லாமையின் அளவுகோல், மற்றது விற்பனையின் அளவுகோல். இரண்டிலும் ரயரின் உண்மை நிலை அளக்கப்படவில்லை.

அந்நிலையை அளப்பதற்கு வேண்டிய சான்றுகள் ரயரிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. கல்வெட்டு வாசிக்கப் பயின்ற மாணவருக்கு இது புதிதன்று. 2.75-17 என்பதில் முன்னது ரயரின் அகலம், பின்னது விளிம்பின் விட்டம். இரண்டும் அங்குலக் கணக்கில். பக்கச்சுவரில் சிறு கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 எனின் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டதெனப் பொருள். 2000ஆம் ஆண்டுக்கு முற்பட்டவற்றில் மூன்று இலக்கங்களே உண்டு. வெயிலிலே கடைவாசலில் நெடுங்காலம் தொங்கிய ‘புதிய’ ரயரை வாங்காதிருக்க இந்நான்கு இலக்கங்களை வாசித்தல் போதும். சால்களின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். மேற்பரப்பு அம்மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றவேண்டும். ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறியும் சிலவற்றில் உண்டு. மன்னார் வீதிகளில் அதனைத் தலைகீழாகப் பூட்டி ஓடுவோரை இன்றும் காணலாம். இவ்வெழுத்துகள் ஆங்கிலத்தில் இருப்பதும், வண்டியோடு தரப்படும் கைநூலைப் பலர் திறவாதிருப்பதும் அறிவு பரவாமைக்குக் காரணங்கள். இவற்றைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுக் கராஜ்களில் ஒட்டுதல் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமொன்றுக்குத் தகாத பணியென நான் எண்ணவில்லை.

வழி திறந்தபின்னும் அது எவர் கையில் உள்ளது என்ற வினா முற்றாக மறையவில்லை. 2020இல் அந்நியச் செலாவணியைக் காக்கும்பொருட்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ரயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. 2022இல் எரிபொருள் தீர்ந்து, யூலை மாதம் தொடங்கிய பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரமொன்றுக்கு 4 லீற்றர் பெற்றோல் ஒதுக்கப்பட்டது. தெற்கே இதனைப் புதுமையான துன்பமாகக் கண்டனர். மாந்தையிலும் மடுவிலும் முதியோர் அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதை அறிந்திருந்தனர். புதிய மோட்டார் சைக்கிள்கள் மீண்டும் இறக்குமதியானது 2025ஆம் ஆண்டிலேயே. இடைப்பட்ட ஆண்டுகளில் 1990களின் கைவேலைகள் பல திரும்பிவந்தன. தையலும் உள்ளே வைக்கும் துண்டும் அவற்றுட் சில.

மதுரைக்கு அண்மையிலே மோட்டார் சைக்கிள் ரயர் செய்யும் பெருந்தொழிற்சாலை உள்ளது. அங்கிருந்து இராமேஸ்வரம் சில மணி நேரப் பயணம். இராமேஸ்வரம் தீவின் கிழக்கு முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள கடல் முப்பது கிலோமீற்றருக்கும் உட்பட்டது. தமிழகத்தில் செய்யப்பட்ட ரயரொன்று மன்னாருக்கு வரவேண்டுமாயின் கப்பலேறிக் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிச் சுங்கம் கடந்து, மீண்டும் வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீற்றர் லொறியில் வரவேண்டும். அதன் விலையில் ரயருக்குரியது எவ்வளவு, சுற்றுவழிக்குரியது எவ்வளவு என்பதைப் பொருளியல் மாணவர் கணித்துக் காட்டலாம். சால் தேய்ந்து, நூல் தெரிந்து, தைத்தும் முடியாத நிலையை அடைந்தபின் அந்த ரயர் வீதியை விட்டுக் கடற்கரைக்குச் செல்கிறது. படகின் பக்கத்தில் கயிற்றால் கட்டித் தொங்கவிடப்பட்டு, மற்றப் படகுகளோடு மோதும்போது மரத்தைக் காக்கிறது. பேசாலையில் அதிகாலையில் நின்று பார்ப்பவருக்கு, அவ்வாறு தொங்கும் ரயர்களின் பக்கத்தில் அகலமும் விட்டமும் செய்யப்பட்ட வாரமும் உப்புப் படிந்து இன்னும் தெரியும்.